வெறுங்காவல்

மமோனி போனில் அழவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. "தீதி, எங்க வீட்டுக்காரரைக் குழிக்குள்ள இறங்கச் சொல்லி நீங்கதான் அனுப்பினீங்களா?" என்று வங்காளியில் கேட்டாள்.

வத்சலாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. செக்டர் ஃபைவில் கேன்டீன் நடத்தும் ஒருவரிடம், நன்னடத்தைக் கண்காணிப்பில் விடுதலையான ஒரு பெண்ணுக்காக வேலை கேட்டுக்கொண்டிருந்தாள். "எந்தக் குழி?" என்றாள்.

"ஹெல்த் சென்டர் பின்னாடி செப்டிக் டேங்க் நிரம்பி வழியுதாம். இவர் இடுப்புல கயிறு கட்டிட்டாங்களாம். அங்க பெருக்கற பொண்ணு போன் பண்ணிச் சொன்னா. அவரோட அப்பா எப்படிப் போனார்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும். பிஷு மல்லிக்கின் அப்பா ஒரு கான்ட்ராக்டரிடம் சாக்கடை அள்ளுகிறவராக இருந்தார். ஒரு மழைக்காலத்தில் தாப்ஸியா பக்கம் பாதாளச் சாக்கடையில் இறங்கினார். பிணமாகத்தான் மேலே வந்தார். பிஷு அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அந்த வேலைக்கு மட்டும் போவதில்லை என்று அன்றைக்கு அம்மா அவனிடம் சத்தியம் வாங்கினாள். பிறகு அவன் மூட்டை தூக்கினான், டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷா ஓட்டினான், கடைசியில் பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்தான். இதையெல்லாம் கோர்ட்டுக்கு எழுதிக் கொடுத்ததே வத்சலாதான்.

கேன்டீன்காரர் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் ஓடிப்போய் ஆட்டோவில் ஏறினாள்.

வத்சலாவின் அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. பவானிபூரிலேயே பிறந்து, பவானிபூரிலேயே படித்து, தமிழ்நாட்டைக் கோடை விடுமுறையில் மட்டும் பார்த்து வளர்ந்தவள். ஐம்பதைத் தாண்டிவிட்டாள். சிறைக்கு வெளியே தண்டனையைக் கழிப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. கோர்ட் அனுப்புகிறவர்களுக்கு இடம் பார்த்துக் கொடுப்பது, போய் விசாரிப்பது, வீட்டில் பேசுவது, குடியை விட டாக்டரிடம் கூட்டிப்போவது எல்லாம் அவள் பொறுப்பு. முதல் தடவை தவறு செய்த ஒருவனை ஜெயிலுக்கு அனுப்பினால் அவனை மொத்தமாகத் தொலைத்துவிடுவோம் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிவந்தவள். சொன்னதை நம்பியும் இருந்தாள்.

பிஷுவின் குற்றம் பெரிதல்ல. டெலிவரிக் கம்பெனி காரணம் சொல்லாமல் அவன் கணக்கை முடக்கிவிட்டது. அன்றைக்குக் குடித்துவிட்டு, நியூ டவுனில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டு கத்தினான். கார்கள் நின்றன. போலீஸ் வந்து தூக்கிப்போனது. அதே காலையில் அதே கோர்ட்டில் அஷ்வத் என்ற தமிழ்ப் பையனும் நின்றான். பப் வாசலில் வாந்தியெடுத்து, செக்யூரிட்டியின் சட்டையைப் பிடித்து, நடுரோட்டில் ஆடியிருக்கிறான். இரண்டு பேரும் செய்தது புதிய சட்டத்தில் ஒரே குற்றம். அதிகபட்சம் ஒரு நாள் வெறுங்காவல், அதாவது வேலை வாங்காத ஜெயில், இல்லாவிட்டால் அபராதம், இல்லாவிட்டால் சமூக சேவை.

மாஜிஸ்திரேட் இளம்பெண். சட்டம் புதிது, அதை நல்லபடியாகப் பயன்படுத்த வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. வத்சலாவும் எழுந்து சமூக சேவைதான் வேண்டும் என்றாள். இருவருக்கும் ஒரே உத்தரவு: அரசு சுகாதார நிலையத்தில் துப்புரவு, தோட்ட வேலை.

ஆட்டோவில் வத்சலா அந்த உத்தரவை மனதுக்குள் வரிவரியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். குழி என்ற வார்த்தை அதில் எங்கேயும் இல்லை.

சுகாதார நிலையத்தின் பின்பக்கம் நாற்றம் ஆளை அடித்தது. சிமென்ட் மூடியைப் பாதி நகர்த்தியிருந்தார்கள். பிஷு வெற்றுடம்போடு, அரை டிராயரில், விளிம்பில் உட்கார்ந்து கால்களை உள்ளே விட்டிருந்தான். முழங்கால் வரை கறுப்பாக இருந்தது. இடுப்பில் நைலான் கயிறு. கயிற்றின் மறுமுனையை இரண்டு வார்டு பாய்கள் பிடித்திருந்தார்கள். வார்டு மாஸ்டர் சாமந்த பாபு கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றார்.

வத்சலா நேராகப் போய் அந்த மூடியின் மேல் ஏறி நின்றாள். செருப்பு வழுக்கியது. "பிஷு, எழுந்திரு" என்றாள். பிறகு வார்டு பாய்களைப் பார்த்து, "கயித்தை விடுங்க" என்றாள்.

அவர்கள் சாமந்த பாபுவைப் பார்த்தார்கள்.

"என்ன மேடம் இது?" என்றார் அவர். "மெஷின் வண்டி வர ஒரு வாரம் ஆகுமாம். பிரசவ வார்டு வரைக்கும் தண்ணி வந்துடுச்சு. கோர்ட் ஆர்டர்ல துப்புரவுனு போட்டிருக்கு. இதுவும் துப்புரவுதானே?"

"மனுஷனைக் குழிக்குள்ள இறக்கறது குற்றம். ஜாமீன்கூடக் கிடையாது. தெரியுமா உங்களுக்கு?"

"அடைப்பை மட்டும் ஒரு தடவை குத்திவிட்டா போதும். அஞ்சு நிமிஷ வேலை."

"அஞ்சு நிமிஷத்துல செத்துடுவான். அஷ்வத் எங்கே?"

"அந்தப் பையனா? படிச்சவன், மேடம். கம்ப்யூட்டர்ல உக்கார வெச்சிருக்கேன்."

"ரெண்டு பேருக்கும் ஒரே ஆர்டர்."

சாமந்த பாபு கைக்குட்டையை எடுத்துவிட்டுச் சிரித்தார். "இவன் மல்லிக், மேடம். இது அவங்க சாதிக்குப் பழகின வேலை. நமக்குத்தான் நாத்தம், அவங்களுக்குத் தெரியாது."

அதை அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. பஸ் எந்த நிறுத்தத்தில் நிற்கும் என்று வழி சொல்கிறவர் மாதிரி சொன்னார். திட்டியிருந்தால்கூட வத்சலா பொறுத்திருப்பாள். அந்த மரியாதையான, உதவுகிற குரலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கன்னத்தில் ஒன்று வைக்கலாம் என்று தோன்றியது. வைத்தால் நாளைக்குக் கோர்ட்டில் அதைத்தான் பேசுவார்கள் என்றும் தோன்றியது. மூடியிலிருந்து இறங்காமலே போலீசுக்குப் போன் செய்தாள்.

இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். எட்டிப் பார்த்தார்கள், பின்வாங்கினார்கள். பெரியவர் கேட்டார்: "யாரும் சாகலையே மேடம். என்னன்னு கேஸ் போடறது?"

"செத்தாத்தான் போடுவீங்களா?"

"சத்தம் போடாதீங்க. எழுதிக் குடுங்க, பாக்கலாம்." பிறகு இருவரும் சாமந்த பாபுவோடு உள்ளே போய் டீ குடித்தார்கள்.

பிஷு கயிற்றைத் தானே அவிழ்த்தான். குழாயடிக்குப் போய்க் காலைக் கழுவினான். திரும்பத் திரும்பக் கழுவினான். வத்சலா எங்கிருந்தோ ஒரு சோப்புக் கட்டி வாங்கிவந்து நீட்டினாள். வாங்கிக்கொண்டான், அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"காலையிலேயே முடியாதுனு சொன்னேன் தீதி. கீழ்ப்படியலைன்னு கோர்ட்டுக்கு எழுதுவேன், மாசக்கணக்குல உள்ள போடுவாங்கனு சொன்னார். சின்னக் குழந்தை இருக்கு வீட்டுல. அதான் உக்காந்தேன்." சோப்பைத் தேய்த்துக்கொண்டே கேட்டான்: "அன்னிக்கு ஒரு நாள் ஜெயில்னும் ஒண்ணு இருக்குனு ஜட்ஜம்மா சொன்னாங்களே. நீங்க ஏன் எந்திரிச்சு வேண்டாம்னு சொன்னீங்க?"

ஜெயில் என்றால் பெயரில் கறை, வேலை கிடைக்காது, உள்ளே சேர்க்கை சரியிருக்காது என்று சொன்னாள். எத்தனையோ கூட்டங்களில் சொன்ன பதில்தான். அந்தக் குழாயடியில் அது துண்டுப் பிரசுரத்தை வாசிப்பதுபோல் அவள் காதுக்கே கேட்டது.

பிஷு சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் வேலைக்கு வரவில்லை. சாமந்த பாபு சொன்னபடியே கீழ்ப்படியவில்லை என்று கோர்ட்டுக்கு எழுதினார்.

நிறுவனத்தின் தலைவர் ஜெயந்த் நல்ல மனிதர்தான். நிதிக்காக ஊர் ஊராக அலைந்து தலை நரைத்தவர். அவள் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"பிஷுவுக்கு வேற இடம் பாப்போம். கோர்ட்ல பக்குவமா பேசுவோம்" என்றார். "ஆனா அந்த ஆள் மேல புகார், கேஸ் எல்லாம் வேண்டாம் வத்சலா. ஒரு ஹெல்த் சென்டர் மேல கேஸ் போட்டோம்னா நாளைக்கு எந்த ஆஸ்பத்திரியும் நம்ம ஆளுங்களைச் சேர்க்காது. இன்னும் எத்தனை பேருக்கு ஜெயில்னு யோசிச்சியா?"

"யோசிச்சேன். அவங்களையும் எந்தக் குழியில இறக்குவாங்கனு யோசிச்சேன்."

"உணர்ச்சிவசப்படறே."

"ஆமா. நீங்களும் கொஞ்சம் படுங்க, ஜெயந்த். உடம்புக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் முகம் சிறுத்துப்போயிற்று. நிறுவனத்தின் பேரில் புகார் கொடுக்க அனுமதியில்லை என்றார். அவள் தன் சொந்தப் பேரில், பவானிபூர் வீட்டு முகவரியைப் போட்டு, போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தாள். வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தானம் வீட்டுக்கு வந்தார். அஷ்வத்தின் அப்பா. ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் பெரிய அதிகாரி. சால்ட் லேக்கில் குடியிருப்பு. நவராத்திரி, பொங்கல் என்று தமிழ்க் குடும்பங்கள் கூடுகிற இடங்களில் வத்சலா அவரைப் பார்த்திருக்கிறாள். ஒரு டப்பாவில் அதிரசம் கொண்டுவந்திருந்தார்.

"உங்ககிட்ட ஒரு சின்ன உதவி" என்றார். "அஷ்வத் மேல்படிப்புக்கு வெளிநாடு போறான். சேவையை முடிச்சுட்டான்னு உங்க ஆஃபீஸ் சர்ட்டிஃபிகேட் குடுத்தா விசாவுக்குத் தொந்தரவில்லாம இருக்கும். அப்புறம், அந்த இன்னொரு விஷயம் இருக்கே, செப்டிக் டேங்க் சமாசாரம், அதுல சாட்சி கீட்சினு இவன் பேரை இழுக்காம பாத்துக்கணும். நம்மாத்துக் குழந்தை மாதிரி நெனச்சுக்கோங்கோ."

"அவன் சேவையே பண்ணலை சார். கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருந்தான்."

"குடுத்த வேலையைத்தானே பண்ணினான்? அவன் கேட்டு வாங்கலையே."

"பிஷுவும் கேட்டு வாங்கலை."

சந்தானம் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பையனுக்கு நடந்தது தப்புதான். நான் இல்லேங்கலை. ஆனா அவா வாழ்க்கையும் நம்ம வாழ்க்கையும் ஒண்ணா? ஒரு கோர்ட் பேப்பரால அவனுக்கு என்ன நஷ்டம் சொல்லுங்கோ. இவனுக்கு எல்லாமே போயிடும். நம்மவா, நீங்க புரிஞ்சுப்பேள்னுதான் நேர்ல வந்தேன்."

நம்மவா என்ற சொல் வத்சலாவின் உடம்பெல்லாம் ஊர்ந்தது. சாமந்த பாபு வேப்பமரத்தடியில் வங்காளியில் சொன்னதை இவர் அவள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே வங்காளியாவது நடுவில் ஒரு திரையாக இருந்தது. இது அவள் அம்மா அப்பா பேசிய மொழி.

"சார், நான் உள்ளதை எழுதுவேன்" என்றாள். "உங்க பையன் தோட்டத்துல ஒரு செடிகூடத் தொடலைனு எழுதுவேன். அவன் அங்க இருக்கறப்பவே, அவன்கூடத் தண்டனை வாங்கினவனைக் கயித்துல கட்டினாங்கனும் எழுதுவேன். அந்த டப்பாவை எடுத்துண்டு போங்கோ."

"நாளைக்கு நாமெல்லாம் ஒருத்தர் முகத்துல ஒருத்தர் முழிக்கணும்" என்றார் சந்தானம்.

"நான் முழிப்பேன்" என்றாள்.

அடுத்த விசாரணையில் கோர்ட் நிரம்பியிருந்தது. சாமந்த பாபு இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். அஷ்வத் தன் சேவை முடிந்ததா என்று தெரிந்துகொள்வதற்காக அப்பாவோடு நின்றான். மமோனி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் இருந்தாள். ஜெயந்தும் வந்திருந்தார்.

வத்சலா நடந்ததைச் சொன்னாள். நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று வீட்டில் சொல்லிப் பார்த்திருந்தாள். குழிக்குள் தொங்கிய கால்களைச் சொல்லும்போது குரல் கட்டுக்குள் நிற்கவில்லை. சாமந்த பாபு எழுந்து, எல்லாம் கற்பனை, தோட்டக் குழாயைச் சரிசெய்யத்தான் சொன்னோம், கயிறே கிடையாது என்றார்.

மாஜிஸ்திரேட் அஷ்வத்தைப் பார்த்தார். "நீங்களும் அன்றைக்கு அங்கேதானே இருந்தீர்கள்?"

"ஆமா."

"எதையாவது பார்த்தீர்களா?"

சந்தானம் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். அஷ்வத் தரையைப் பார்த்தான். தமிழைவிட அவனுக்கு வங்காளிதான் நன்றாக வரும். வங்காளியிலேயே சொன்னான்.

"நான் இருந்த ரூம் ஜன்னல் அந்தப் பக்கம்தான். அவருக்குக் கயிறு கட்டறதைப் பாத்தேன். அவர் வேண்டாம்னு கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம் நாத்தம் வந்தது. நான் ஜன்னலைச் சாத்திட்டேன்."

சந்தானம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அஷ்வத்தின் காது சிவந்திருந்தது. வத்சலாவுக்கு அவன் மேல் இரக்கம் வரவில்லை. சொன்னதற்கு நன்றியும் வரவில்லை. ஜன்னலைச் சாத்திய கை மட்டும் தெரிந்தது.

பிஷு உத்தரவை மீறவில்லை, ஆனால் முதல் குற்றத்துக்கான தண்டனை இன்னும் பாக்கியிருக்கிறது என்றார் மாஜிஸ்திரேட். வார்டு மாஸ்டர் மேல் உடனே வழக்குப் பதிய வேண்டும் என்று போலீசுக்கு உத்தரவிட்டார். அஷ்வத் செய்த வேலை கணக்கில் சேராது, முதலிலிருந்து தோட்டத்தில் செய்ய வேண்டும் என்றார். பிறகு பிஷுவிடம் கனிவாகச் சொன்னார்: "உங்களுக்கு வேறு இடம் தருகிறேன். அரசு நூலகம் ஒன்று இருக்கிறது. புத்தகங்களைத் தூசு தட்டி அடுக்குகிற வேலை. சரிதானே?"

பிஷு கைகட்டி நின்றான். "வேண்டாம் மேடம். எனக்கு அந்த ஒரு நாள் ஜெயிலே குடுங்க."

"ஏன்? நல்ல இடம்."

"நல்ல இடமாத்தான் இருக்கும். ஆனா போனதும் முதல்ல பேர் கேப்பாங்க. மல்லிக்குனு சொல்லுவேன். லைப்ரரியிலயும் கக்கூஸ் இருக்கும்ல மேடம்?"

மாஜிஸ்திரேட் வத்சலா பக்கம் திரும்பினார். "உங்கள் நிறுவனம் என்ன சொல்கிறது? சிறைக்கு மாற்று வேண்டும் என்று கேட்டவர்களே நீங்கள்தான்."

ஜெயந்த் முன்வரிசையிலிருந்து அவளைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். நூலகத்தை ஒத்துக்கொள் என்று அர்த்தம். ஒரு மனிதனை ஜெயிலுக்கு அனுப்பச் சொல்லி அவள் இதுவரை வாய் திறந்ததில்லை. பிஷு திரும்பி அவளைப் பார்த்தான். குழாயடிக்குப் பிறகு அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தான்.

"அவர் கேக்கறது சரி" என்றாள். "நாங்க குடுத்த மாற்று ஜெயிலைவிட மோசமா இருந்தது. ஒரே ஒரு வேண்டுகோள். உள்ளேயும் பேர் கேப்பாங்க. வெறுங்காவல்னு மட்டும் எழுதினா போதாது. துப்புரவு, பெருக்கறது, கழுவறது, எந்த வேலையும் அவர்கிட்ட வாங்கக் கூடாதுன்னு தனியா எழுதணும்."

மாஜிஸ்திரேட் எழுதினார். எழுதியதை உரக்க வாசித்தும் காட்டினார். போலீஸ்காரர் பிஷுவை அழைத்துப்போனபோது மமோனி எழுந்து நின்றாள். அவள் அப்போதும் அழவில்லை.

சாமந்த பாபு மேல் வழக்கு உடனே பதிவாகவில்லை. வத்சலா ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்குமாக வாரக்கணக்கில் நடந்த பிறகு பதிந்தார்கள். அதற்குள் அவர் வேறொரு சுகாதார நிலையத்துக்கு மாற்றலாகி, அங்கேயும் வார்டு மாஸ்டராகவே உட்கார்ந்துவிட்டார். வழக்கு இன்னும் நடக்கிறது. பொங்கல் கூட்டத்தில் சந்தானம் குடும்பம் அவளைக் கண்டதும் வேறு வரிசைக்குப் போய் உட்கார்ந்தது. அவள் அங்கேயே இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தாள். ஆனால் இதெல்லாம் பிறகு.

தீர்ப்புக்கு மறுநாள் மத்தியானம் ஜெயில் வாசலில் வத்சலாவும் மமோனியும் நின்றார்கள். வெயில் கொளுத்தியது. குழந்தைக்கு வத்சலா குடை பிடித்தாள். சின்னக் கதவு திறந்து பிஷு குனிந்து வெளியே வந்தான். சட்டை கசங்கியிருந்தது, மற்றபடி நன்றாகத்தான் இருந்தான். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"சாப்பிட்டியா?" என்று மமோனி கேட்டாள்.

"சாப்பிட்டேன். தூங்கினேன்கூட."

"உள்ள எதாவது சொன்னாங்களா?" என்றாள் வத்சலா.

"போனதும் பேர் கேட்டாங்க தீதி. சொன்னேன். உடனே ஒருத்தன் துடைப்பத்தையும் வாளியையும் கொண்டுவந்து முன்னாடி வெச்சான். கோர்ட் பேப்பரைப் படிச்சுப் பாருன்னேன். படிச்சான்."

"அப்புறம்?"

"அப்புறம் அதை எடுத்துட்டுப் போயி இன்னொருத்தன்கிட்ட குடுத்தான். வயசானவர். சுக்தேவ் ஹாடினு பேரு, அவரும் எங்க மாதிரிதான். எட்டு வார்டுக்கும் அவர்தான் கழுவறார். மத்தவங்க படுத்திருக்காங்க. உனக்கு யாரு இந்தப் பேப்பரை எழுதிக் குடுத்தாங்கனு கேட்டார். சொன்னேன்."

வத்சலா திரும்பி அந்தச் சின்னக் கதவைப் பார்த்தாள். சாதி பார்த்துச் சிறைக்குள் வேலை கொடுக்கக் கூடாது என்று நாட்டின் பெரிய கோர்ட்டே சொல்லியாகிவிட்டது. வாளி இன்னும் பேர் கேட்டுத்தான் போகிறது. களைப்பு வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை, கோபம்தான் வந்தது.

குடையை மமோனியிடம் கொடுத்தாள். "நீங்க ரெண்டு பேரும் பஸ் பிடிச்சுக் கிளம்புங்க. குழந்தைக்கு வெயில் ஆகாது."

"நீங்க வரலையா தீதி?"

"நான் சூப்பிரண்டைப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, வத்சலா போய் ஜெயில் கதவைத் தட்டினாள்.